நிரஞ்சனியின் நெஞ்சுப் படம்

முன்பெல்லாம் ஒருவருக்கு நெஞ்சுப் படம் எடுத்தால் அதைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். பெரிய காக்கி உறை, உள்ளே கறுப்புத் தகடு. மடங்கினால் கெட்டுவிடும் என்பதால் பஸ்ஸில் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் "யாருக்கு?" என்று கேட்பார். கேட்ட பிறகு உருவிக் காட்டாமல் இருப்பது மரியாதை இல்லை. மாத்தளையிலிருந்து எல்கடுவ மலைக்கு ஏறும் பஸ்ஸில் கண்டக்டர் உட்பட நாலைந்து பேர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சளிதான், பயப்படாதீங்க" என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அது டாக்டர் கண்ணில் படும்.

இந்த ஏற்பாட்டில் பெரிய குறை ஒன்று உண்டு. நோயாளியின் இரகசியம் காக்கப்படுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் "நோயாளியை மையமாகக் கொண்ட பாதுகாப்பான இலக்கமுறைச் சுகாதாரச் செயற்றிட்டம்". இந்தப் பெயரை மூன்று மொழிகளிலும் எழுதியபோது பலகை வாசல் கேற்றை விட அகலமாகிவிட்டது. ஆகவே கேற்றை இடித்துப் பெரிதாக்கினார்கள். சனங்கள் சுருக்கமாக "மையம்" என்றார்கள்.

மையம் மாத்தளையில், அலுவிகாரைக்குச் சற்று இப்பால், வாடகைக்கு எடுத்த ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது. கீழே பந்தி போடும் கூடம் மருத்துவ நிலையமானது. மேலே, மணமேடைக் கூடத்தில் கணினிகள். மேடைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த இரண்டு வெள்ளை மயில்களைப் பிரிக்க முடியாததால், பணிப்பாளர் அவற்றுக்கு நடுவிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார்.

சந்திரகாந்தா அங்கே போனது தன் கணவன் அழகமுத்துவின் படத்தைக் கேட்டு.

அழகமுத்து எல்கடுவ மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மரக்கறிப் பாத்திகளுக்குக் காவல்காரர். காட்டுப் பன்றியை விரட்டுவது வேலை. அதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் குரல். அவர் "ஓய்" என்று ஒரு தரம் கத்தினால் பன்றி ஓடுவதோடு, எதிர்மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களும் ஒரு கணம் கையை நிறுத்துவார்கள். அந்தக் குரல் மாசிப் பனியோடு கம்மத் தொடங்கி, சித்திரையில் வெறும் காற்றானது. பன்றிகள் வந்தன. கூடவே முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு வலி.

குரலுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உண்டு, அழகான சம்பந்தம். இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய் ஊன்றுகோலின் பிடி மாதிரி வளைந்து கீழே இறங்குகிறது. குரலை ஆட்டுவிக்கும் நரம்பு நேராகத் தொண்டைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, அந்த வளைவின் அடியால் நுழைந்து, மறுபடி மேலே ஏறுகிறது. குழாய் அந்த இடத்தில் வீங்கினால் முதலில் நசிவது நரம்பு. ஆகவே குரல் கம்முவது சில சமயம் நெஞ்சுக்குள்ளிருந்து வரும் செய்தி. செய்தியை யாராவது வாங்கிக்கொண்டால் போதும்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து மையத்துக்கு அனுப்பினார்கள். மையத்தில் படம் எடுத்தார்கள். கையில் எதுவும் தரவில்லை.

"படம் எங்கங்க?" என்று காற்றுக் குரலில் கேட்டார் அழகமுத்து.

"உள்ள போயிருச்சு."

"எங்க உள்ள?"

"பாதுகாப்புக்குள்ள."

அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து பஸ் ரோட்டுக்கு ஏற அவரால் முடியாமல் போனதும், சந்திரகாந்தா ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டுத் தனியாக வந்து கவுண்டரில் நின்றாள்.

கவுண்டரில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார். கணினி முறைமை இன்னும் சோதனையில் இருக்கிறது. சோதனை முடியும் வரை உண்மையான நோயாளிகளின் படங்கள் எல்லாம் பூட்டியிருக்கும். டாக்டர் கையிலும் திறப்பு இல்லை. பூட்டு நல்ல பூட்டா என்று பார்த்து முடிப்பதற்குள் அதைத் திறந்தால் எப்படி?

"அப்ப இன்னொரு படம் எடுத்துத் தாங்களேன் ஐயா."

"எடுக்கலாம்மா. அதுவும் உள்ளதான் போகும்."

அந்த நேரம் றிப்கா மாடிப்படியில் இறங்கி வந்தாள். மாத்தளை டவுன் பிள்ளை. முக்காட்டுக்கு மேலே கழுத்துப் பட்டியில் "சோதனை வழிகாட்டி" என்ற அட்டை. சந்திரகாந்தாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா, நீங்க தோட்டமா?"

"ஆமாங்க மிஸ்."

"அம்பதுக்கு மேலயா?"

"இருக்கும்ங்க."

"ஒங்களத்தான் ரெண்டு மாசமா தேடுறோம்!"

நடந்தது இதுதான். முறைமையை, அதைப் பயன்படுத்தப்போகும் எல்லா வகைப் பாவனையாளர்களும் சோதிக்க வேண்டும் என்பது விதி. டவுன்காரர்கள் வந்தார்கள், நாவுலயிலிருந்து வயல் செய்யும் கமக்காரர்கள் வந்தார்கள், மாணவர்கள் வந்தார்கள். தோட்டத்துப் பெண் என்ற வகை மட்டும் வரவில்லை. வேலை நாளில் வந்தால் அவர்களுக்கு அன்றைய பேர் போய்விடும். அந்த ஒரு வகை சோதித்து முடிக்காததால்தான் பூட்டுத் திறக்கப்படவில்லை.

"நீங்க சோதிச்சுத் தந்தா எல்லாம் முடிஞ்சிரும்மா. ஒங்கட வீட்டுக்காரர்ர படமும் தொறந்துரும்."

"அப்ப இப்பவே வாங்க மிஸ்" என்று சந்திரகாந்தா அவளுக்கு முன்னால் மாடி ஏறினாள்.

வாசலில் கைத்தொலைபேசியை வாங்கி ஒரு தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்கள். பாதுகாப்பு. பிறகு அவளைக் கணினியின் முன்னால் உட்கார்த்தினார்கள்.

பாவனையாளர் சோதனை என்பது நல்ல யோசனை. ஒருவர் கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்கும்போது நாம் ஓடிப்போய்த் திறந்துவிட்டால், கைப்பிடி தப்பான இடத்தில் இருப்பது நமக்குத் தெரியாமலே போய்விடும். அதனால் வழிகாட்டி எந்த உதவியும் செய்யக் கூடாது. பார்க்கலாம், எழுதலாம். பாவனையாளர் தன் மனதில் தோன்றுவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். இரண்டும் நல்ல விதிகள்.

"மனசுல உள்ளதயா?"

"ஓம்மா, எல்லாத்தையும்."

"எம்புருசனோட படம் எங்க இருக்கு?"

றிப்கா எழுதிக்கொண்டாள்.

"என்னா மிஸ், எழுதுறீங்க. சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல ஏலாதும்மா. சொன்னா அது உதவி."

ஓர் அட்டையைக் கொடுத்தாள். "நீங்கள் நிரஞ்சனி. வயது முப்பத்திரண்டு. மாத்தளை நகரில் ஆசிரியை" என்று இருந்தது. நிரஞ்சனியாக உள்ளே போய், தன் அறிக்கையைப் படித்து, கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதுதான் சோதனை.

கடவுச்சொல்லில் தடங்கல் வந்தது. மனதில் வருவதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்; கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக் கூடாது. சந்திரகாந்தா மனதில் வந்த சொல்லைச் சத்தமாகச் சொன்னாள். அது வெளியாகிவிட்டதால் மாற்றச் சொன்னார்கள். மாற்றியதையும் விதிப்படி சத்தமாகச் சொன்னாள். பாதுகாப்பு உத்தியோகத்தர் சசிக்குமார் வந்து நிலைமையை ஆராய்ந்து, விதி இரண்டும் முக்கியம் என்பதால், அவள் சொல்லும்போது கூடத்தில் உள்ள அனைவரும் காதில் விரல் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். மயில்களுக்கு நடுவில் பணிப்பாளர் சுந்தரலிங்கமும் வைத்துக்கொண்டார்.

அறிக்கை திறந்தது. சந்திரகாந்தா எழுத்துக்கூட்டிப் படித்தாள். இருதயத்திலிருந்து வெளியேறும் பிரதான குழாய் வீங்கியுள்ளது. எந்நேரமும் வெடிக்கலாம். உடனடியாகக் கண்டியில் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புக.

அவள் கதிரையை விட்டு எழுந்துவிட்டாள்.

"மிஸ், இந்தப் புள்ளைக்குச் சொல்லியாச்சா?"

"எந்தப் புள்ளைக்கு?"

"நிரஞ்சனிக்கு!"

"அப்பிடி ஒரு ஆளே இல்லம்மா. சும்மா சோதனைக்கு."

"ஆள் இல்லாமயா மிஸ் நெஞ்சு வீங்குது?"

றிப்காவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது: பாவனையாளரின் ஈடுபாடு, மிக அதிகம்.

அன்று ஒரு சோற்றுப் பார்சலும், செயற்றிட்டத்தின் பெயர் சுற்றிவர அச்சடித்த குடையும் கிடைத்தன. பெயர் நீளமானதால் குடையைச் சுழற்றினால்தான் முழுவதும் படிக்கலாம். சோதனையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம்.

லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒன்றும் இல்லை. ஒருவர் இருமினால் வரிசை முழுக்கத் தூக்கம் கெடும். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர் என்ன சொன்னார்கள் என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். சந்திரகாந்தா சொன்னாள். தன் வீட்டுப் படம் இன்னும் பூட்டுக்குள் என்றாள். பிறகு நிரஞ்சனியைப் பற்றிச் சொன்னாள். பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள்.

அழகமுத்து கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சின்னப் புள்ளையாச்சே" என்றார். காற்றுக் குரல் என்பதால் எல்லாரும் அருகே குனிய வேண்டியிருந்தது. "சொல்லாம வச்சிருக்கிறது பாவம். மறுக்கா போனா நீ விடாத. டவுனுல டீச்சர்னா விசாரிச்சா ஆளப் புடிச்சிரலாம்."

"ஒங்களப் பத்தி நான் விசாரிக்கவா, அந்தப் புள்ளையப் பத்தி விசாரிக்கவா?"

"எனக்கு என்னா, தொண்டக் கட்டு. அதுக்கு நெஞ்சுல வெடி வச்சிருக்கு."

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அவருக்காக ஒரு கற்பூரம் ஏற்றினாள். அவர் சொன்னதற்காக நிரஞ்சனிக்கும் ஒன்று ஏற்றினாள்.

அவர் கட்டிலுக்கு நேர் எதிரே ஜன்னல். அதில் ஒரு கண்ணாடி எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு பழைய நெஞ்சுப் படத்தைச் செருகியிருந்தார்கள். அதுவும் அவருடையதுதான். பல வருடங்களுக்கு முன் காட்டோரம் குனிந்து விறகு கட்டும்போது, பன்றிக்கு யாரோ வைத்த கட்டுத் துவக்கு வெடித்தது. பன்றி வரும் தடத்துக்குக் குறுக்கே நூல் கட்டி, நூலைத் துவக்கின் விசையில் கட்டி வைப்பது கட்டுத் துவக்கு. நூலைத் தொடுகிறது பன்றியா மனிதனா என்று அதற்குத் தெரியாது. பெரும்பாலான ஈயக் குண்டுகளை எடுத்துவிட்டார்கள். இடது தோளெலும்புக்குக் கீழே மூன்று மட்டும் ஆபத்தான இடத்தில் இருந்ததால், டாக்டர் அவற்றை அப்படியே விட்டுவிட்டார்.

நெஞ்சுப் படத்தின் வேலை எளிமையானது. கதிர் காற்றுக்குள் தடையில்லாமல் போகும். அந்த இடம் கறுப்பு. எலும்பில் பாதி தங்கும். அந்த இடம் சாம்பல். ஈயத்தில் ஒன்றுமே போகாது. அந்த இடம் தூய வெள்ளை. ஆகவே காலையில் வெயில் ஜன்னலில் விழும்போது படத்தில் மூன்று புள்ளிகள் நட்சத்திரம் மாதிரி தெரியும். இரண்டு நெருங்கி, ஒன்று விலகி. அடுப்புக் கல்லை யாரோ அவசரத்தில் வைத்த மாதிரி.

"ஒனக்குக் கழுத்துல, எனக்கு உள்ளுக்குள்ள" என்பார் அழகமுத்து. "என்னோட நகைய மட்டும் எவனும் அடகு வைக்க முடியாது புள்ள."

அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்தபடிதான் அவள் தினமும் அடுப்பு மூட்டினாள்.

அடுத்த வாரம் சோதனையின் இரண்டாம் பகுதி, படம் பார்ப்பது. தகரப் பெட்டிக்குள் கைத்தொலைபேசி போனது. கூடத்தார் காதில் விரல் வைத்தார்கள். நிரஞ்சனியாக உள்ளே போய், அவள் "படம்" என்ற இடத்தை அழுத்தினாள். திரை முழுக்க ஒரு நெஞ்சு விரிந்தது. மேலே "நிரஞ்சனி, 32, பெண்" என்று இருந்தது. நடுவில் குழாய், ஊதிய பலூன் மாதிரி. இடது தோளெலும்புக்குக் கீழே மூன்று வெள்ளைப் புள்ளிகள். இரண்டு நெருங்கி, ஒன்று விலகி.

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அம்மா, மனசுல உள்ளத சத்தமாச் சொல்லுங்க" என்று றிப்கா நினைவூட்டினாள்.

"இது அவரு" என்றாள் சந்திரகாந்தா.

"எவரு?"

"எம்புருசன். இது அவரோட குண்டு. மிஸ், இது அவரு மிஸ்!"

றிப்காவின் பேனா கீழே விழுந்தது. அவள் வாய் திறந்தாள், கழுத்து அட்டையைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள், சசிக்குமாரைக் கூப்பிட்டாள்.

சசிக்குமாருக்கு விஷயத்தை விளக்குவதில் தனிப் பிரியம் உண்டு. நோய் பொய்யாக இருந்தால் சோதனையும் பொய்யாகிவிடும். அதனால் படங்கள் பூட்டியிருக்கும் பெட்டகத்திலிருந்து உண்மையான நோய் ஒன்றை, அதுவும் அவசரச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கக்கூடிய கடுமையான நோயை, கணினியே தெரிந்தெடுக்கும். பெயரைக் கழற்றும். வயது, ஊர், ஆண், பெண் எல்லாவற்றையும் மாற்றும். கொழும்பில் அறிக்கை எழுதிய நிபுணருக்கும் யாருடையது என்று தெரியாது.

"கொழுந்து பெக்டரிக்குள்ள போய்த் தூளா வருதில்லியாம்மா, அது மாதிரி. தூள வச்சு எந்தச் செடின்னு சொல்லேலாது."

"நான் சொல்லிட்டேனே ஐயா."

"அதான் பிரச்சினையே" என்றார் சசிக்குமார்.

மயில்களுக்கு நடுவிலிருந்து பணிப்பாளர் சுந்தரலிங்கம் எழுந்து வந்தார். அவர் யாரோடு பேசினாலும் மேடைப் பேச்சாகத்தான் வரும்.

"அம்மா, முதலில் உங்களை வாழ்த்துகிறேன். உலகத்தில் எத்தனையோ முறைமைகள் திருடர்கள் புகுந்து தோற்றிருக்கின்றன. எங்களுடையது ஒரு மனைவி புகுந்து தோற்றிருக்கிறது. இது உயர்தரமான தோல்வி. இதை நாங்கள் மாநாட்டில் வாசிப்போம்."

"ஐயா, எந்நேரமும் வெடிக்கும்னு எழுதியிருக்கு. அவருக்குச் சொல்லணும். கண்டிக்குக் கொண்டு போகணும். ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குடுங்க."

"யாருக்கு?"

"எம்புருசனுக்கு."

"அறிக்கை நிரஞ்சனியுடையது. அதை வேறொரு ஆணிடம் சொன்னால் அந்தப் பெண்ணின் உரிமை என்னாவது?"

"அந்தப் பொண்ணுதான் இல்லயே ஐயா!"

"இல்லாதவருக்கே இவ்வளவு பாதுகாப்புத் தருகிறோம் என்றால், இருப்பவருக்கு எவ்வளவு தருவோம் என்று யோசியுங்கள்." பணிப்பாளர் இதில் உண்மையாகவே நம்பிக்கை உள்ளவர். "நோயாளி மையத்தில் இருக்கிறார். அவரைச் சுற்றி நாங்கள் நிற்கிறோம். எங்களைத் தாண்டி யாரும் அவரை நெருங்க முடியாது."

அடையாளம் வெளியான சம்பவத்துக்கு விசாரணை நடத்தாமல் யாரும் வெளியே போகக் கூடாது. விசாரணை தொடங்கியது. அவள் கைத்தொலைபேசியைக் கேட்டாள். விசாரணை முடியும் வரை தகரப் பெட்டியைத் திறக்கக் கூடாது. பார்சல் வந்தது. அவள் பிரிக்கவில்லை. சசிக்குமார் அடையாளத்துக்குக் காரணமான மூன்று புள்ளிகளையும் ஒரு சின்னத் தூரிகையால் திரையில் தொட்டுத் தொட்டு அழித்தார். டாக்டர் கை வைக்கப் பயந்து விட்ட ஈயம், மூன்று சொடுக்கில் போனது.

"பாருங்க, இனி யாராலயும் சொல்லேலாது."

"சாட்சி இருக்குய்யா" என்று சந்திரகாந்தா எழுந்தாள். அவள் செய்த ஒரே பிழை அதுதான். "பழைய படம் வீட்டு ஜன்னல்ல இருக்கு. வந்து பாருங்க. அதே மூணு."

சசிக்குமார் பணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜன்னலிலா?" என்றார் பணிப்பாளர். "நோயாளி ஒருவரின் மருத்துவப் படம், திறந்த ஜன்னலில், போகிற வருகிறவர் பார்க்கும்படி?"

உடனே ஜீப் ஏற்பாடானது.

மாலை மங்கும் நேரத்தில் செயற்றிட்டத்தின் வெள்ளை ஜீப் லயத்துக்கு முன்னால் வந்து நின்றபோது, சனங்கள் ஓடி வந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, இரண்டு பேர் அழகமுத்துவைத் தூக்கி உட்கார வைத்து, முகம் துடைத்து, வேட்டி மாற்றிவிட்டார்கள். சசிக்குமார் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஜன்னலில் இருந்த படத்தைக் கவனமாகக் கழற்றி, உறையில் இட்டு, அரக்கு வைத்தார். அழகமுத்து அவரைப் பார்த்து எழுந்திருக்க முயன்று, கும்பிட்டார்.

"ஐயா, அந்த டீச்சர் புள்ளைக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சசிக்குமாருக்கு அந்தக் குரல் கேட்கவில்லை.

சந்திரகாந்தா ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, வண்டி சும்மாதானே திரும்பிப் போகுது. அவரையும் ஏத்திக்கங்க. கண்டி வேணாம், மாத்தளைக்காவது."

சசிக்குமார் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "அம்மா, இது தரவு கொண்டு போற வாகனம். ஆள் ஏத்தினா காப்புறுதி இல்ல. வழியில ஒண்ணு நடந்தா யாரு பொறுப்பு?" என்றார். அரக்கு வைத்த உறையைப் பின்சீட்டில் நிமிர்த்தி வைத்து, பட்டி போட்டு இறுக்கினார். ஜீப் குலுங்காமல், மெதுவாக, மலையிறங்கிப் போனது.

லயத்தில் தெரிந்த முச்சக்கர வண்டிக்காரன் நாவுலவுக்குப் போயிருந்தான். ஜன்னலில் உரப் பேக்கை மடித்துச் செருகினார்கள், குளிர் அடங்கவில்லை. விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு அவரை நாற்காலியில் வைத்து நாலு பேர் ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

வத்தேகம வழியாகக் கண்டி போகும் பஸ். கண்டக்டர் தெரிந்தவர். "என்னம்மா, பெரியாஸ்பத்திரியா? படம் எங்க?" என்று வழக்கப்படி கையை நீட்டினார்.

"படம் ஜீப்புல போயிருச்சுங்க."

அழகமுத்து அவள் பக்கம் திரும்பினார். "அந்த நிரஞ்சனிப் புள்ள..."

அவள் அதுவரை சொல்லவில்லை. இப்போது சொன்னாள். "அது நீங்கதாங்க. பேரத்தான் மாத்தி வச்சிருக்காங்க. அந்த நெஞ்சு ஒங்க நெஞ்சு."

அவர் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் இல்லயா?"

"இல்லீங்க."

"நல்லது" என்றார்.

வத்தேகமவுக்கு முன்னால் ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. மலைப் பாதை பஸ்ஸில் வளைவுக்குத் தலை சாய்வது இயல்பு. பஸ் நேரானதும் நிமிரும். பஸ் நேரானது.

மழைக்காலம் முடிந்த பிறகு மையத்துக்குத் திறப்பு விழா வைத்தார்கள். பாவனையாளர் இலக்கம் ஒன்று என்று சந்திரகாந்தாவுக்கு அழைப்பு வந்தது. கூட்டி வர றிப்காவே பஸ்ஸில் வந்தாள். வழியெல்லாம் றிப்கா தன் கழுத்து அட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாசலில் தகரப் பெட்டி இருந்தது. கைத்தொலைபேசியைப் போட்டார்கள்.

மணமேடையில், மயில்கள் இரண்டையும் மறைத்துக்கொண்டு, கூரை வரை உயர்ந்த ஒரு பதாகை. அதில் ஒரு நெஞ்சுப் படம். அதன் கீழே, "எங்கள் மையம் நீங்கள்".

சந்திரகாந்தா அந்த நெஞ்சைப் பார்த்தாள். விலா எலும்புகள் இருந்தன. குழாயின் வீக்கத்தையும் அழகு கருதிச் சற்றுக் குறைத்திருந்தார்கள். இடது தோளெலும்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

பணிப்பாளர் பேசினார். "இந்தச் சோதனைக் காலம் முழுவதும் ஒரு தகவல்கூட வெளியே போகவில்லை. வெளியே போகப் பார்த்த ஒன்றையும் ஜன்னல் வரை போய் மீட்டோம். ஒரு நோயாளிகூடத் தன் நோய் வெளியே தெரிந்துவிட்டது என்று முறையிடவில்லை." அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். பெட்டகம் திறந்தது. பூட்டியிருந்த அறிக்கைகள் எல்லாம் உரியவர்களின் கைத்தொலைபேசிகளுக்குப் போயின. வாசலில் தகரப் பெட்டி ஒரு தரம் கிணுங்கி அதிர்ந்தது. "கேட்டீர்களா? யாருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது" என்றார் பணிப்பாளர். கைதட்டினார்கள்.

குத்துவிளக்கேற்ற முதல் பாவனையாளரை அழைத்தார்கள். சந்திரகாந்தா தன் வெறும் நெற்றியைத் தொட்டு, வேண்டாம் என்றாள். முறைமை யாரிடமும் பேதம் பார்ப்பதில்லை என்று பணிப்பாளர் ஒலிவாங்கியிலேயே வற்புறுத்தினார். அவள் ஒரு திரியை ஏற்றினாள். விரலில் எண்ணெயும் கரியும் பிடித்துக்கொண்டன.

அவள் கீழே இறங்கவில்லை. பதாகையருகே போனாள். எட்டி, இடது தோளெலும்புக்குக் கீழே விரலை வைத்தாள். நெருக்கமாக இரண்டு. விலகி ஒன்று.

சசிக்குமார் எழுந்து நின்றார். பிறகு பணிப்பாளர் சுந்தரலிங்கத்தின் கண் கலங்கியது. "பார்த்தீர்களா!" என்றார். "பாவனையாளர் எங்கள் முறைமைக்குப் பொட்டிட்டு ஆசீர்வதிக்கிறார்!" அவரும் விளக்கின் கரியைத் தொட்டுப் பதாகையில் ஒரு பொட்டு வைத்தார். சசிக்குமார் வைத்தார். கவுண்டர்க்காரர் வைத்தார். விருந்தினர்கள் வரிசையில் நின்று வைத்தார்கள். புகைப்படத்துக்காகச் சிலர் மறுபடியும் வைத்தார்கள். படத்தின் நெஞ்சு முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகும் வரை கைதட்டல் ஓயவில்லை.

எல்லாரும் சாப்பிடக் கீழே போனார்கள். சந்திரகாந்தா பதாகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன தேடுறீங்க?" என்று றிப்கா கேட்டாள்.

"இங்க மூணு இருந்துச்சு மிஸ்."

உதவி செய்யக் கூடாது என்ற விதி சோதனைக் காலத்துக்கு மட்டுந்தான். சோதனை முடிந்திருந்தது. றிப்கா கழுத்து அட்டையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து குனிந்து, தானும் தேடத் தொடங்கினாள். கீழே பந்தி முடிந்து, தகரப் பெட்டியைத் திறந்து எல்லாருடைய கைத்தொலைபேசிகளையும் திருப்பிக் கொடுக்கும் வரை இரண்டு பேரும் தேடினார்கள்.

கிடைக்கவில்லை.